பாஸ்டியன் ஏன் திரும்பி வரவேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பிள்ளைகளுக்கான நாவல்களைப் பற்றிக் கேட்ட ஒருவருக்குப் பதில் எழுதும்போது, ஜெர்மன் எழுத்தாளர் மிகைல் எண்டேயின் 'முடிவில்லாத கதை'யை இரண்டு வரியில் குறிப்பிட்டுவிட்டு அடுத்ததுக்குப் போயிருந்தேன். அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். மனசுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதனால் இந்தத் தடவை பகுதி முழுக்க அந்த ஒரே புத்தகம்தான்.

கேள்வி: அப்படி என்ன இருக்கிறது அதில்? கதையைக் கொஞ்சம் சொல்லுங்கள். ஆறாவது படிக்கும் என் மகளுக்கு வாங்கலாமா? – ஒரு வாசகி, மதுரை

தாராளமாக வாங்கலாம் அம்மா. பத்து, பதினோரு வயதிலிருந்து படிக்கலாம். பெரியவர்களும் படிக்கலாம், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பாஸ்டியன் பல்தசார் புக்ஸ் என்று ஒரு பையன். குண்டுப் பையன், விளையாட்டு வராது, படிப்பும் சுமார்தான், வகுப்புப் பையன்கள் துரத்தித் துரத்திக் கேலி செய்வார்கள். அம்மா இறந்துவிட்டார். அப்பா பல் செட் செய்கிறவர், வீட்டில் இருப்பார், ஆனால் பேச மாட்டார். மழை பெய்யும் ஒரு நவம்பர் காலையில் துரத்துகிற பையன்களிடமிருந்து தப்பிக்க ஒரு பழைய புத்தகக் கடைக்குள் நுழைகிறான். கடைக்காரர் கோரியாண்டர் சிடுசிடுப்பான கிழவர், எனக்குப் பிள்ளைகளே பிடிக்காது என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறார். அவர் டெலிபோன் பேச உள்ளே போன நேரத்தில், அவர் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைப் பாஸ்டியன் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறான். செப்பு நிறப் பட்டு அட்டை, அதில் ஒன்றன் வாலை ஒன்று கவ்விய இரண்டு பாம்புகள். வீட்டுக்கும் போகாமல், வகுப்புக்கும் போகாமல், பள்ளிக்கூடத்தின் மேல்மாடத்தில் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே ஒளிந்துகொண்டு அதைப் படிக்க ஆரம்பிக்கிறான்.

அந்தப் புத்தகத்துக்குள் ஒரு கற்பனை தேசம். அதை ஒன்றுமின்மை என்று ஒன்று தின்றுகொண்டே வருகிறது. இருட்டில்லை, பள்ளமில்லை, அங்கே பார்த்தால் கண்ணே குருடாகிவிட்டதுபோல் இருக்கும், அப்படி ஒரு இல்லாமை. தேசத்தின் குழந்தைப் பேரரசிக்கு நோய். மருந்து தேடிப் போகிறான் ஆட்ரேயு என்ற சிறுவன். அவனுடைய பயணத்தைப் பாஸ்டியன் படிக்கப் படிக்க, மெல்ல மெல்ல ஒரு விஷயம் தெரியவருகிறது: அந்தக் கதைக்குத் தேவைப்படும் ஆள் படித்துக்கொண்டிருக்கும் இவன்தான். பேரரசிக்கு ஒரு புதுப் பெயர் வேண்டும், அதை மனிதக் குழந்தை ஒன்றுதான் வைக்க முடியும்.

இது பாதிக் கதை. மீதியை நான் சொல்லாமல் விட்டால்தான் நியாயம், ஆனால் மற்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல அதைத் தொட்டே ஆகவேண்டியிருக்கிறது. கதை தெரிந்தால் படிக்கிற சுகம் போய்விடும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதன் சினிமாவைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இனி நாவலைப் படிக்க என்ன இருக்கிறது? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பாதிக்கு மேலேயே இருக்கிறது சார்! நீங்கள் சொல்வது 1984இல் வந்த, வோல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கிய படம். நாவலின் முதல் பாதியை மட்டும்தான் அவர்கள் எடுத்தார்கள். பேரரசிக்குப் பெயர் வைத்ததும் எல்லாம் சரியாகிவிடும், பாஸ்டியன் பறக்கும் டிராகன் மேல் ஏறித் தன்னைக் கேலி செய்த பையன்களைத் தெருத்தெருவாகத் துரத்துவான், படம் முடிந்துவிடும். தியேட்டரில் பிள்ளைகள் கைதட்டுவார்கள் என்பது உண்மைதான். எண்டேயோ கொதித்துப்போனார். தயாரிப்பை நிறுத்துங்கள், இல்லை படத்தின் பெயரையாவது மாற்றுங்கள் என்று கேட்டு வழக்குப் போட்டார், தோற்றார்.

எழுத்தாளர்கள் படத்தைப் பார்த்து முகம் சுளிப்பது வழக்கம்தான், இதிலும் அப்படித்தான் என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. படம் நிற்கும் இடம் அப்படி. நாவலில் பாஸ்டியன் யாரையும் பழிவாங்கத் திரும்பி வருவதில்லை. பழிவாங்கவேண்டும், எல்லாரும் தன்னைப் பார்த்து வாயைப் பிளக்கவேண்டும் என்ற ஆசையெல்லாம் அவனுக்குக் கற்பனை தேசத்துக்கு உள்ளேயே வருகிறது, அங்கேயே அது அவனைக் கெடுக்கிறது. அதாவது படம் எந்த ஆசையைப் பரிசாகக் கொடுத்து முடிகிறதோ, நாவல் அதே ஆசையைப் பன்னிரண்டு பதின்மூன்று அத்தியாயத்துக்கு விசாரிக்கிறது.

இன்னொன்று. படத்தில் அந்த டிராகனுக்கு நாய் முகம் மாதிரி ஒன்று. புத்தகத்தில் சிங்கத் தலை, முத்துச்சிப்பி மாதிரி மின்னும் செதில், மாணிக்கச் சிவப்பில் கண்கள். படித்துவிட்டு நீங்களே மனதில் வரைந்து பாருங்கள்.

கேள்வி: சதுப்பு நிலத்தில் குதிரை சாகும் இடத்தைப் படித்துவிட்டு என் மகன் தேம்பித் தேம்பி அழுதான். இதையெல்லாம் பிள்ளைகள் புத்தகத்தில் வைக்கலாமா? – ஒரு வாசகர், நாகர்கோவில்

வைக்கலாம். வைத்திருக்கிற விதத்தைப் பாருங்கள். துயரச் சதுப்பில் ஆர்டாக்ஸ் என்ற குதிரை இறங்குகிறது. நாவலில் அது பேசும் குதிரை. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் மனதில் சோகம் கூடுகிறது, கூடக்கூட அது மூழ்குகிறது. ஆட்ரேயு இழுக்கிறான், கெஞ்சுகிறான். அவன் கழுத்தில் பேரரசியின் பதக்கம் இருப்பதால் அந்தச் சோகம் அவனை அண்டாது. நீ போ, எனக்கு வாழவே ஆசையில்லாமல் போய்விட்டது, என் கடைசியை நீ பார்க்கவேண்டாம் என்று குதிரையே சொல்லி அவனை அனுப்பிவைக்கிறது.

காரணமே இல்லாமல் மனது கனத்துப்போய் ஒரு ஜீவன் அமிழ்ந்துபோவதை, பக்கத்தில் நிற்கிறவன் எவ்வளவு பிரியம் வைத்திருந்தாலும் இழுத்துக் காப்பாற்ற முடியாமல் போவதை, பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி இத்தனை நேர்மையாக எழுதிய இடத்தை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. உங்கள் மகன் அழுதது நல்ல அழுகை சார். அழும்போது பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், அது போதும். அந்தப் பக்கங்களைத் தாண்டிவிட்டுப் படிக்கச் சொல்லாதீர்கள்.

கேள்வி: நான் ஆசிரியை. கற்பனைக் கதைகள் பிள்ளைகளை நிஜ வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடப் பழக்குகின்றன என்பது என் அனுபவம். இந்தப் புத்தகமும் அதைத்தானே செய்கிறது? – ஒரு வாசகி, திருச்சி

டீச்சர், இதே குற்றச்சாட்டைத்தான் எண்டே வாழ்நாள் முழுக்கக் கேட்டார். அவர் எழுத வந்த காலத்து ஜெர்மனியில் இலக்கியம் என்றால் சமூகப் பிரச்சினையைப் பேசவேண்டும், யதார்த்தமாக இருக்கவேண்டும் என்ற நெருக்கடி பலமாக இருந்தது. டிராகனும் பேரரசியும் எழுதினால் தப்பித்து ஓடுகிறவர் என்று முத்திரை குத்திவிடுவார்கள். அந்த வாக்குவாதத்தில் அலுத்துப்போய், 1970களின் தொடக்கத்தில் அவர் ரோமுக்குப் பக்கத்தில் ஜென்சானோ என்ற ஊருக்கே குடிபோய்விட்டார். இந்த நாவலை எழுதியதும் அங்கேதான்.

ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் அவருடைய வாழ்க்கையில் மட்டுமா இருக்கிறது, புத்தகத்திலேயே இருக்கிறது. க்மோர்க் என்ற ஓநாய் மனிதன் வரும் அத்தியாயத்தை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள். பேய் நகரம் ஒன்றில் சங்கிலியில் கட்டிக்கிடக்கிறது அது, பட்டினியில் சாகக் கிடக்கிறது. ஆட்ரேயு அதனிடம் கேட்கிறான்: ஒன்றுமின்மைக்குள் குதித்துப் போகிறவர்கள் என்ன ஆகிறார்கள்? ஓநாய் சொல்லும் பதில் பிள்ளைகள் புத்தகத்தில் எதிர்பார்க்கிற பதில் இல்லை. அவர்கள் மனிதர்களின் உலகத்துக்குப் போகிறார்கள், அங்கே பொய்களாக ஆகிவிடுகிறார்கள். மனிதர்களின் தலைக்குள் பிரமைகளாக, இல்லாத ஒன்றைப் பார்த்துப் பயப்பட வைக்கும் பயங்களாக, தேவையில்லாததை வாங்க வைக்கும் ஆசைகளாக. அதை வைத்து மனிதர்களை எப்படி வேண்டுமானாலும் ஆட்டிவைக்கலாம் என்று அந்த ஓநாய்க்கு அதில் ஒரு பெருமை வேறு.

இதை எழுதியவர் யாருடைய மகன் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அப்பா எட்கர் எண்டே ஓவியர், கனவுத்தன்மையுள்ள ஓவியங்கள் வரைந்தவர். 1936இல் நாஜி அரசு அவருடைய ஓவியங்களைச் சீர்கெட்ட கலை என்று தடைசெய்தது. 1944இல் மியூனிக்கில் குண்டு விழுந்து அவருடைய ஓவியக்கூடம் எரிந்தது, பெரும்பாலான படங்கள் போயின. மிகைல் பிறந்தது 1929இல், அதாவது கற்பனைக்குத் தடையும், பொய்க்கு ஒலிபெருக்கியும் இருந்த நாட்டில் வளர்ந்த பிள்ளை. கற்பனை செத்தால் அந்த இடம் காலியாக இருக்காது, அங்கே பொய் வந்து உட்காரும் என்பது அவருக்குப் படித்துத் தெரிந்த தத்துவமாக மட்டும் இருந்திருக்க முடியாது.

தப்பி ஓடுவது தப்பா என்றால், பாஸ்டியன் தப்பித்தான் ஓடுகிறான், புத்தகம் அதை மறைக்கவே இல்லை. வகுப்புக்குப் போகாமல் மேல்மாடத்தில் ஒளிந்திருக்கிறான், மணிக்கூண்டில் மணி அடிக்க அடிக்க இப்போது என்ன வகுப்பு நடக்கும் என்று நினைத்துப் பார்க்கிறான், அப்பா தேடுவாரே என்று கலங்குகிறான். திரும்பி வருவானா, வந்தால் கையில் எதைக் கொண்டு வருவான் என்பதுதான் நாவலின் கேள்வி. கடைசியில் கோரியாண்டர் கிழவர் அவனிடம் இதையேதான் சொல்கிறார்: அங்கே போகவே முடியாதவர்கள் உண்டு, போய்த் திரும்பாமல் அங்கேயே தங்கிவிடுகிறவர்கள் உண்டு, போய்விட்டுத் திரும்பி வருகிற சிலர் உண்டு, அவர்கள்தான் இரண்டு உலகத்தையும் நலமாக்குகிறார்கள்.

கேள்வி: பதக்கத்தின் பின்பக்கம் 'உன் விருப்பப்படி செய்' என்று எழுதியிருக்கிறதாம். குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டிய விஷயமா இது? – ஒரு வாசகர், சென்னை

நல்ல கேள்வி. எனக்கு இந்த நாவல் பிடித்துப்போனதற்கான காரணமே இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பெயர் வைத்ததும் பாஸ்டியன் கற்பனை தேசத்துக்குள் போய்விடுகிறான். பேரரசியின் பதக்கம் இப்போது அவன் கழுத்தில். அவன் ஆசைப்படுவதெல்லாம் நடக்கும். முதல் ஆசை அழகு, கிடைக்கிறது. பலம், கிடைக்கிறது. தைரியம், கிடைக்கிறது. அவனுக்குத் தெரியாமல் நடப்பது என்னவென்றால், ஒவ்வொரு ஆசைக்கும் நம் உலகத்தைப் பற்றிய ஒரு நினைவு அவனிடமிருந்து போய்விடுகிறது. குண்டாக இருந்தது மறந்துபோகிறது. கேலிக்கு ஆளானது மறந்துபோகிறது. போனது எது என்று அவனுக்கே தெரியாது, ஏனென்றால் போய்விட்டதே! ஆட்ரேயு மட்டும்தான் கவனிக்கிறான், எச்சரிக்கிறான். அது பாஸ்டியனுக்கு எரிச்சலாக இருக்கிறது.

நல்லவனாக இருக்கும் ஆசைகூட அவனைக் கவிழ்க்கிறது என்பதற்கு ஒரு காட்சி. அமர்கந்த் என்று வெள்ளி நகரம், கண்ணீர் ஏரி ஒன்றின் மேல் மிதக்கிறது. அந்தக் கண்ணீர் அகாரிகள் என்ற புழு மாதிரி ஜீவன்களுடையது. தங்களுடைய அவலட்சணத்தை நினைத்து வெட்கப்பட்டு மண்ணுக்கடியில் ஒளிந்துகொண்டு அவை ஓயாமல் அழும். ஆனால் அந்தக் கண்ணீரில்தான் மண்ணிலிருந்து வெள்ளி பிரிகிறது, அதைத்தான் அவை இழை இழையாகக் கோத்து உலகத்திலேயே அழகான வெள்ளி வேலைப்பாடுகளைச் செய்கின்றன. பாஸ்டியனுக்கு இரக்கம் வருகிறது, கூடவே எல்லாரும் என்னை வள்ளல் என்று சொல்லவேண்டும் என்ற நினைப்பும் வருகிறது. ஒரு வார்த்தையில் அவற்றை எப்போதும் சிரிக்கும் வண்ணத்துப்பூச்சிகளாக மாற்றிவிடுகிறான். வந்த வேகத்திலேயே அவை தாங்கள் கட்டியதையெல்லாம் உடைத்துப் போட்டுவிட்டுக் கும்மாளம் போட்டுக்கொண்டு பறந்துவிடுகின்றன. பிறகு ஒரு நாள் அவனிடமே திரும்பி வந்து எங்களுக்கு ஒரு வேலையுமில்லை, ஒழுங்குமில்லை, எங்களை ஏன் இப்படி ஆக்கினாய் என்று சண்டை பிடிக்கின்றன. இதைப் படித்த குழந்தைக்கு உபகாரம் செய்கிறவன் முதலில் யாருக்காகச் செய்கிறான் என்று தனியாக விளக்கம் சொல்லவேண்டியதில்லை.

இப்படியே போய்ப் போய், கடைசியில் தானே அந்த தேசத்துக்குச் சக்கரவர்த்தி ஆகவேண்டும் என்று கிளம்புகிறான். தடுத்த ஆட்ரேயுவைத் தன் கையாலேயே வாளால் வெட்டிக் காயப்படுத்துகிறான். அதற்கப்புறம் அவன் போய்ச் சேரும் இடம் பழைய சக்கரவர்த்திகளின் நகரம். இவனுக்கு முன்னால் வந்து, இவன் மாதிரியே ஆசைப்பட்டு ஆசைப்பட்டு எல்லா நினைவும் தீர்ந்துபோன மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள். நினைவு தீர்ந்தால் ஆசைப்படவும் முடியாது, அதனால் கதையும் சொல்ல முடியாது. அவர்களை மேய்க்கும் ஒரு குரங்கு, பக்கங்களில் எழுத்து எழுதிய பகடைகளைக் கொடுத்து உருட்டச் சொல்கிறது. நாள் முழுக்க உருட்டுகிறார்கள். எப்போதாவது ஒரு சொல் தற்செயலாக விழும். முடிவே இல்லாமல் உருட்டிக்கொண்டே இருந்தால் எல்லாக் கதையும், எல்லாக் கவிதையும், இந்தக் கதையும்கூட என்றாவது விழும் என்கிறது அந்தக் குரங்கு. கதை சொல்லத் தெரிந்த மனிதன் கடைசியில் எழுத்துகளைக் குலுக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது! எனக்குத் தெரிந்து குழந்தைகளுக்கான எழுத்தில் இவ்வளவு பயங்கரமான இடம் கிடையாது, அதில் ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை.

ஆக, 'உன் விருப்பப்படி செய்' என்றால் நினைத்ததையெல்லாம் செய் என்று பாஸ்டியனும் முதலில் நினைத்தான். வண்ணங்களின் பாலைவனத்தில் அவன் சந்திக்கும் சிங்கம் கிராவோகிராமன் அப்போதே சொல்லிவிடுகிறது: உன்னுடைய உண்மையான விருப்பம் எதுவோ அதைக் கண்டுபிடித்துச் செய் என்றுதான் அர்த்தம், இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது என்று. அழகு, பலம், பெருமை, அதிகாரம், கூட்டத்தோடு கூட்டமாகக் கரைவது என்று எல்லா ஆசையையும் தாண்டித்தான் அடியில் இருக்கும் ஆசை அவனுக்குத் தட்டுப்படுகிறது. நேசிக்கப்படவேண்டும் என்று ஏங்கி வந்தவன், நேசிக்கத் தெரியவேண்டும் என்று ஆசைப்படுகிறான். உங்கள் பிள்ளைக்கு நீங்களோ நானோ இதை உட்காரவைத்துச் சொன்னால் அவன் கொட்டாவி விடுவான் சார். நாவலில் பாஸ்டியன் இதற்குக் கொடுக்கும் விலையைப் பார்த்துக்கொண்டே வருகிற பிள்ளைக்கு அது உறைக்கும்.

கேள்வி: உங்களுக்கு மிகவும் பிடித்த இடம் எது? – ஒரு வாசகி, புதுச்சேரி

படச் சுரங்கம். மனிதர்கள் மறந்துபோன கனவுகளெல்லாம் மெல்லிய தகடுகளாக மண்ணுக்கடியில் படிந்திருக்கின்றன. அதில் வேலை செய்யும் யோர் கிழவருக்கு வெளிச்சத்தில் கண் தெரியாது, சுரங்கத்தின் இருட்டில் தெரியும். பாஸ்டியனிடம் அப்போது மிஞ்சியிருப்பது அவன் பெயர் மட்டும்தான். அந்த இருட்டில் நாள் கணக்கில் குனிந்து, தவழ்ந்து, தகடு நொறுங்கிவிடாமல் விரலால் தடவித் தடவித் தோண்டுகிறான். வெளியே கொண்டுவந்து பனியில் வரிசையாக வைத்துப் பார்க்கிறான், எதுவும் அவனைத் தொடவில்லை. ஒரு நாள் ஒரு படம் கிடைக்கிறது. வெள்ளை அங்கி போட்ட ஒரு மனிதர், கையில் பிளாஸ்டரில் வார்த்த பல் செட், முகத்தில் கவலை. கண்ணாடி மாதிரித் தெளிவான பனிக்கட்டிக்குள் உறைந்து நிற்கிறார். யாரென்று பாஸ்டியனுக்குத் தெரியாது. இருந்தும் அவரைப் பார்த்ததும் அவனுக்குள் ஏதோ உடைகிறது. பாஸ்டியனுக்குத் தெரியாதது படிக்கிற நமக்குத் தெரியும் பாருங்கள், அந்த இடத்தில் யாராலும் சும்மா இருக்க முடியாது.

அப்பாவின் எரிந்துபோன ஓவியங்களை இந்தச் சுரங்கத்தோடு சேர்த்து நினைக்காமல் என்னால் அந்த அத்தியாயத்தைப் படிக்க முடிவதில்லை. இதைப் படிப்பதற்காகவே பெரியவர்களும் இந்தப் புத்தகத்தை எடுக்கவேண்டும் என்பேன், அதிலும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்துவிடுகிற அப்பாக்கள்.

கேள்வி: கதாநாயகன் புத்தகத்தைத் திருடுகிறானே? – ஒரு வாசகர், ஈரோடு

திருடுகிறான், கடைசியில் தானே போய் ஒப்புக்கொள்கிறான். கிழவர் என்ன சொல்கிறார் என்பதை மட்டும் இங்கே சொல்ல மாட்டேன்.

கேள்வி: எண்டே இதை எப்படி எழுதினார்? எவ்வளவு காலம் ஆயிற்று? – ஒரு வாசகர், சேலம்

1977இல் அவருடைய பதிப்பாளர் அடுத்த புத்தகம் என்ன என்று கேட்டிருக்கிறார். ஒரு பையன் புத்தகம் படிக்கும்போது நிஜமாகவே அதற்குள் போய்விடுகிறான், வெளியே வருவது கஷ்டமாகிவிடுகிறது என்று எண்டே ஒரு யோசனையைச் சொன்னார். நூறு பக்கம் வரும், சீக்கிரம் முடித்துவிடுவேன் என்ற நினைப்பில்தான் ஆரம்பித்தார். எழுத எழுத அது வளர்ந்துகொண்டே போனது. ஒரு கட்டத்தில் பாஸ்டியன் அங்கிருந்து வரவே மாட்டேன் என்கிறான், நான் என்ன செய்ய என்று பதிப்பாளருக்கே சொல்லியிருக்கிறார். அவனை வெளியே கொண்டுவர வழி கண்டுபிடிக்காமல் புத்தகத்தை முடிக்க முடியாது என்று உட்கார்ந்து, 1979இல்தான் அது ஸ்டுட்கார்ட்டில் தீனமான் பதிப்பக வெளியீடாக வந்தது.

வாசலை முன்கூட்டியே கட்டிவைத்துவிட்டு எழுதிய கதை இல்லை இது. பாஸ்டியன் தேடித் தவிப்பதில் எழுதியவரின் தவிப்பும் இருக்கிறது, இரண்டாம் பாதியின் கனம் அதிலிருந்துதான் வருகிறது என்று நான் நினைக்கிறேன்.

அச்சிலும் அவர் விடவில்லை. நம் உலகத்தில் நடப்பது ஒரு நிற மையில், கற்பனை தேசத்தில் நடப்பது இன்னொரு நிறத்தில், சிவப்பும் பச்சையுமாக. மொத்தம் 26 அத்தியாயம், ஒவ்வொன்றும் அகரவரிசைப்படி ஏ முதல் இஸட் வரை ஒவ்வோர் எழுத்தில் தொடங்கும். அந்த முதலெழுத்துகளை ரோஸ்விதா குவாட்ஃப்லீக் என்ற ஓவியர் பக்கம் நிறைய வரைந்திருக்கிறார். ரால்ஃப் மன்ஹைம் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1983இல் வந்தது, அதிலும் இந்த ஏ முதல் இஸட் ஒழுங்கைக் காப்பாற்றியிருக்கிறார். விலை குறைந்த பதிப்புகள் சிலவற்றில் இரண்டு நிற மைக்குப் பதிலாக ஒரு உலகத்தைச் சாய்வெழுத்தில் போட்டுவிடுகிறார்கள். முடிந்தால் நிறப் பதிப்பை வாங்குங்கள். ஆட்ரேயுவின் ஆபத்தைப் படித்துப் பாஸ்டியன் அலறுகிறான், அந்த அலறல் கதைக்குள் கேட்கிறது, அல்லது மாயக் கண்ணாடி வாசலில் தன் முகத்தைப் பார்க்கப்போன ஆட்ரேயுவுக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து புத்தகம் படிக்கும் ஒரு குண்டுப் பையன் தெரிகிறான். இந்த மாதிரி இடங்களில் பக்கத்தின் நிறம் மாறும்போது, படிக்கிற பிள்ளை நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்க்கும். தன்னையும் யாரோ படித்துக்கொண்டிருக்கிறார்களோ என்று!

கேள்வி: என் பையன் போனை விட்டு எழுந்திருப்பதே இல்லை. இந்தப் புத்தகத்தைக் கொடுத்தால் வாசிப்புப் பழக்கம் வருமா? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

கொடுத்துவிட்டு எதிர்பார்த்தால் வராது அம்மா. தடிப் புத்தகம், தொடக்கத்தில் பாறை தின்னி, குட்டி மனிதன், வௌவால் மேல் வரும் தூதன் என்று வரிசையாக அறிமுகம், பழகாத பிள்ளைக்குக் கொஞ்சம் மலைப்பாக இருக்கும். நீங்கள் படித்துக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் படித்து அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு போனாலும் சரி. இரவில் ஒரு அத்தியாயம், முடியாவிட்டால் அரை அத்தியாயம். மோர்லா என்ற மலை அளவு கிழட்டு ஆமை தனக்குத்தானே பேசிக்கொள்ளும் இடத்தைக் குரல் மாற்றிப் படியுங்கள், பையன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்பான். நடுவில் ஒரு நாள் வேலையாக இருக்கிறது, நாளைக்குப் படிக்கலாம் என்று நிறுத்திப் பாருங்கள். சுவாரசியமான இடமாகப் பார்த்து நிறுத்தவேண்டும், அவ்வளவுதான் தந்திரம்.

அப்புறம் ஒன்று, புத்தகத்தைப் போனுக்கு எதிராக நிறுத்தாதீர்கள். போனை வைத்துவிட்டு இதைப் படி என்று சொன்ன நிமிடமே அது பாடப்புத்தகம் ஆகிவிடும். பாஸ்டியனுக்கு அந்தப் புத்தகம் தித்தித்ததற்கு ஒரு காரணம் அதை யாரும் அவனைப் படிக்கச் சொல்லவில்லை.

கேள்வி: முடிவு சந்தோஷமா, சோகமா? – ஒரு வாசகர், வேலூர்

சந்தோஷம். பாஸ்டியன் அப்பாவுக்காக வாழ்வின் நீரைக் கையில் ஏந்திக்கொண்டு வருகிறான், வரும் வழியில் எல்லாம் சிந்திவிடுகிறது. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் அப்பாவிடம் சொல்கிறான். இரவெல்லாம் தேடிக் களைத்த அப்பா, இதுவரை கேட்காத மாதிரிக் கேட்கிறார். சொல்லி முடித்தபோது அவர் கண்ணில் நீர். அதைப் பார்த்ததும், தான் கொண்டுவந்துவிட்டோம் என்று பாஸ்டியனுக்குப் புரிகிறது. அந்த ஒரு பக்கத்துக்காக முன்னால் இருக்கும் அத்தனை பக்கத்தையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் படிக்கலாம்.

கேள்வி: கைரன் என்ன ஆனார்? புத்தகம் முழுக்கத் தேடிவிட்டேன், திரும்ப வரவே இல்லை. – ஒரு மாணவி, ஏழாம் வகுப்பு, திண்டுக்கல்

நீ எவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறாய் கண்ணு! மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பேரரசியின் பதக்கத்தை ஆட்ரேயுவிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் குதிரை உடல் மனிதர், வயதான வைத்தியர் கைரன். களைத்து நோயில் விழுந்து ஆட்ரேயுவின் ஜனங்களோடு தங்கிவிடுகிறார். அவருடைய விதி வேறொரு பாதையில் போயிற்று, அது வேறு கதை, வேறொரு சமயம் சொல்லப்படும் என்று எழுதிவிட்டு எண்டே நகர்ந்துவிடுவார். இதே வரியை நாவல் முழுக்கப் பலருக்குப் போட்டிருக்கிறார், கடைசி வரியும் அதுதான். எண்டே 1995இல் காலமாகிவிட்டார், கைரனின் கதையை அவர் எழுதவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, உன்னிடம் கேட்கிறேன். வைத்தியர்கள் எல்லாரும் சேர்ந்து பார்த்தும் பேரரசியின் நோய் என்னவென்று கண்டுபிடிக்க முடியவில்லை, இல்லையா? புதுப் பெயர் கிடைத்து அவள் குணமான செய்தி கைரனுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அப்போது அவர் படுக்கையில் இருந்தாரா, எழுந்து நடமாடினாரா? பச்சைத் தோல் ஜனங்களும் ஊதாநிற எருமைகளும் இருக்கும் அந்தப் புல்வெளி ஒன்றுமின்மையில் போய்ப் பிறகுதானே மறுபடி உண்டாயிற்று, அந்த நடுநேரத்தில் அவர் எங்கே இருந்தார்? நீ என்ன நினைக்கிறாய் என்று இந்த முகவரிக்கே எழுது. உன் கடிதத்தை அடுத்த இதழில் அப்படியே போடுகிறேன்.